குளிரும் புகையும்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் கூடுமிடம் நமது வேப்பூர். சினிமாப் படப்பிடிப்புக்குச் செல்லும் கேரவன் வண்டிகளும் இவ்வழியே போவதுண்டு. மின்கம்பி எட்டாத வெளியில் நின்றாலும் அவற்றினுள் குளிர்ச்சி குறைவதில்லை. ஜெனரேட்டர் துணை நிற்கிறது. அதை எண்ணியே நாமும் ஒருமுறை துணிந்தோம்.

அது 2012ஆம் ஆண்டுக் கோடை. தமிழகமெங்கும் மின்வெட்டு வாட்டிய காலம். நெய்வேலி அனல்மின் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருந்தும் நம் வீட்டில் இருள்தான். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த அத்தாவுக்கு வெக்கை தாங்கவில்லை. வீட்டிலிருந்த ஒரு டன் ஏசிக்காக 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குக் கொணர்ந்தோம்.

கணக்கில் குறையில்லை. ஏசி ஓடுவதற்குச் சுமார் 1200 வாட். ஜெனரேட்டர் தருவதோ சுமார் 1600 வாட். ஆயினும் கம்ப்ரஸர் கிளம்பிய கணமே ஜெனரேட்டர் திணறி நின்றுவிட்டது. மெக்கானிக் தம்பி சிரித்தார்: “ஓடுறதுக்கு இல்லீங்க ஹஜ்ரத், கெளம்புறதுக்குத்தான் கரண்ட் அதிகம் வேணும்.” நின்ற மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்குமாம். மெல்ல வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் ஏசிகளில் இத்தொல்லை குறைவு. பின்னர் 5 கேவிஏ இயந்திரம் வந்தது. மற்றச் சாதனங்களை நிறுத்திவிட்டு, முதலில் விசிறியும் அடுத்துக் கம்ப்ரஸருமாக இயக்கினோம். அறை குளிர்ந்தது, அத்தா கண்ணயர்ந்தார்கள்.

நமது பிழை அங்கேதான் இருந்தது. திருட்டுக்கு அஞ்சி ஜெனரேட்டரைத் திண்ணையில், ஜன்னலையொட்டி வைத்திருந்தோம். பஜ்ருக்கு எழுப்பச் சென்றபோது அத்தா தலைவலியும் குமட்டலுமாய், நாக்குழறிக் கிடந்தார்கள். நமக்கும் தலை சுற்றியது. வெளியே தூக்கிவந்து மருத்துவமனைக்கு விரைந்தோம். மருத்துவர் கேட்ட முதற் கேள்வி: “வீட்டில் ஜெனரேட்டர் ஓடியதா?” அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் விழிப்பதற்கும் வழியிராது. பிராணவாயு செலுத்தியபின் அத்தா தெளிந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

அன்பர்களே, ஜெனரேட்டர் திறந்தவெளியில், கதவு ஜன்னல்களுக்குக் குறைந்தது 20 அடி அப்பால் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமென்று எண்ணற்க. புகைக்குழல் நம் வீட்டை நோக்காதிருப்பது மட்டும் போதாது. அண்டை வீட்டையும் நோக்கலாகாது. பெற்றோருக்குக் குளிர்ச்சி தர எண்ணிய நாம், அவர்களின் மூச்சையே பறிக்க இருந்தோம்.

அதன்பின் மின்சாரம் நின்ற இரவுகளில் அத்தா பனையோலை விசிறியையே கேட்டார்கள். நாம் அருகமர்ந்து வீசினோம்.