திருப்பித் தராத நோட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. அது என்னுடையது அல்ல. புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையத்தை ஒட்டிய தெருவில் இருக்கும் ஓர் அம்மாவிடம் 2018-ல் வாங்கி வந்தேன். வேலை முடிந்ததும் நோட்டைத் தந்துவிடுகிறேன், உங்கள் வீட்டில் சத்தம் எவ்வளவு என்றும் வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டையும் செய்யவில்லை.

நான் இயற்பியல் ஆசிரியர். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில் 2017 ஆகஸ்டில் புதுச்சேரிக்கு ஹைதராபாத் விமானம் வரத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூனில், விமான நிலையங்களைச் சுற்றிச் சராசரி ஒலி எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அளவுகளை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000 தடவைக்கு மேல் விமானம் ஏறி இறங்கும் நிலையமென்றால் பகலில் 70 டெசிபல், இரவில் 65. எங்கள் ஊர் போன்ற சின்ன நிலையங்களுக்கு 65, 60. அதைப் படித்த வேகத்தில் மாணவர்கள் சிலரோடு கிளம்பினேன். மொட்டை மாடிகளில் ஒலிமானி வைத்தோம். வீட்டுக்காரர்களிடம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, விமானம் வரும்போதெல்லாம் நேரத்தையும், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்பதையும் குறிக்கச் சொன்னோம்.

அந்த அம்மா ஒருநாளும் புகார் சொன்னதில்லை. இடுப்பில் பேரனை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சத்தம் வரட்டும் சார், அவ்ளோ பெரிய வண்டி, சத்தம் இல்லாம போவுமா? எப்போ வரும்னு முன்னாடியே சொல்லிட்டா, அது போனப்புறம் புள்ளைய தூங்கப் போடுவேன். லேட்டா வர்ற அன்னிக்குத்தான் கஷ்டம்."

முடிவுகள் வந்தன. சராசரி 65-ஐத் தொடவில்லை. தொடவும் தொடாது, அதற்கான காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு விமானம் 80 டெசிபலில் 20 நொடி இரைந்துவிட்டுப் போகிறது என்று வையுங்கள். அந்த ஒலியைக் காலை 6 முதல் இரவு 10 வரையான 16 மணி நேரத்துக்கும் பரப்பினால் 45 டெசிபல் அளவுதான் மிஞ்சும். தெருவில் போகும் ஸ்கூட்டரும் ஆட்டோவும் அதை விழுங்கிவிடும். நாள் முழுக்க விமானங்கள் வரும் ஊரில் சராசரி ஓரளவு உண்மை பேசும். நாளுக்கு ஒன்றிரண்டு வரும் ஊரில், தூக்கம் கலைந்த குழந்தை அந்த எண்ணுக்குள் இருக்கவே இருக்காது.

இதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது" என்று சொன்னால் அவரைப் பொய்யாக்குவது போலாகுமே என்று தயங்கியதாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைகூட இல்லை. கருத்தரங்கக் கட்டுரைக்கு வேண்டிய எண்கள் கிடைத்துவிட்டன. பதவி உயர்வுக்கான கோப்பில் ஒரு வரி கூடியது. அதன்பின் அந்தத் தெருப்பக்கம் போக எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதுதான் காரணம்.

கட்டுரையில் என்னென்னவோ எழுதினேன். பக்கத்துக் கருவடிக்குப்பத்தில் பாரதி நடமாடிய குயில்தோப்பை முன்னுரையில் சேர்த்தேன். மியூனிக் ஆய்வைச் சேர்த்தேன்: 1992-ல் அங்கே பழைய விமான நிலையம் மூடப்பட்டதும் சுற்றியிருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின; புதிய நிலையத்தின் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவையே சரிந்தன. இவ்வளவும் தெரிந்தவன்தான், அந்த அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு வரி எழுதவில்லை. லண்டன் ஹீத்ரோவில் விமானங்கள் மேற்கு நோக்கி இறங்கும் நாட்களில், இறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றுகிறார்கள். எந்த வாரம் யாருக்கு எந்தப் பொழுது ஓய்வு என்ற அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். லாஸ்பேட்டையில் அந்த அம்மா கேட்டதும் அந்த மாதிரி ஒரு தகவலைத்தான்.

நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. "வெள்ளி. ஏரோப்ளேன் வரல. புள்ள சாயந்தரம் வரைக்கும் தூங்குச்சு." விமானம் வராத நாள் என்பதால் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளினேன். மூலையில் 'தரவு இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பது என் கையெழுத்துதான்.

இடையில் நின்றுபோன விமானங்கள் 2024 டிசம்பர் 20 முதல் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் மறுபடி வருகின்றன. ஓடுபாதையை நீட்டி ஜெட் விமானங்களை இறக்க வேண்டும் என்ற பேச்சும் ஓயவில்லை. நாளை யாராவது ஒலிமானியோடு அந்தத் தெருவுக்குப் போனால், "போன தடவை ஒருத்தர் வந்து அளந்துட்டுப் போனார், திரும்பி வரவேயில்லை" என்று கதவைச் சாத்தினாலும் அது நியாயம்தான். அந்தப் பாதையை அடைத்தவன் நான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். நோட்டைக் கொடுப்பதற்கு முன் அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டி, அது எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.