கண்டக்குழியிலிருந்து பறந்தோம்

கற்பிட்டிக்குப் போகும் பாதை புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் பிரிகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்கள் வவுனியா, அனுராதபுரம் வழியாகப் புத்தளம் வந்து பஸ் மாற வேண்டும். சந்தி கழிந்த பிறகு எங்கும் மணல்தான். வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் கடல், நடுவில் நாக்கு நீட்டியது போல ஒரு நிலம். வெங்காயத் தோட்டம், தென்னை, கருவாட்டு வாடி என்று மாறி மாறி வரும். றோட்டில் கழுதைகள் நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் அவை இலேசில் விலகுவதில்லை. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலிருந்தே தெரிகிறது. தலவில புனித அன்னம்மாள் கோவிலைத் தாண்டினால் சற்று நேரத்தில் கண்டக்குழி வந்துவிடும்.

கார்த்திகை முதல் சித்திரை வரை இந்தக் கடல் அமைதியாக இருக்கும். அப்போது டொல்பின் பார்க்க உல்லாசப் பயணிகள் வருவார்கள். வைகாசியில் தென்மேல் காற்று எழும்பியதும் படகுகள் கரையேறும். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரரின் காலம் பிறகு தொடங்கும். வானமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டங்கள். ஒரே காற்றுத்தான். ஒருவருக்கு அது விளையாட்டு, மற்றவருக்கு அடுப்பு எரியாத நாள்.

என் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊர் இது. நாங்கள் மயிலிட்டியில் பிறந்தவர்கள். 1990இல் ஊரை விட்டு வெளியேறிய பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கரையில் ஒதுங்கினோம். தங்கச்சியின் மூத்த மகன் சீசன் நாட்களில் டொல்பின் படகில் வேலை செய்கிறான். மற்ற நாட்களில் தகப்பனோடு வலைக்குப் போகிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாவித்த கணனி ஒன்றும், விமானம் ஓட்டும் கைப்பிடி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறான். ஜொய்ஸ்டிக் என்கிறார்களே, அதுதான். இரவில் கடலுக்குப் போகாவிட்டால் அறைக்குள்ளிருந்து விமானம் ஓட்டுகிறான்.

நான் போன அன்று பின்னேரம் முதலில் கேட்டது அதன் சத்தம். சட்டியை இறக்கிவைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். வாசகியருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்பே ஹெலி எது, பொம்மர் எது, சகடை எது, கிபிர் எது என்று சத்தத்தை வைத்துச் சொல்லப் பழகியவர்கள். தங்கச்சி சிரித்தாள்.

“அக்கா, அது மகன்ர கணனி. நானும் முதல் கிழமை இப்பிடித்தான் ஓடி வந்தனான்.”

கணனியில் விமானம் ஓட்டும் இந்த வேலையை வெறும் விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. விமானிகளைப் பழக்குவதற்காகவே இதன் முன்னோர் உருவானது. 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் நிலத்தில் நின்றபடியே ஆடிச் சரிகிற ஒரு சிறு விமானப் பெட்டியைச் செய்தார். அவருடைய தகப்பனார் ஓர்கன் வாத்தியம் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவர். அந்த வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்திகளைத்தான் மகன் விமானப் பெட்டியை ஆட்டப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள். அமெரிக்கக் கடற்படையில் அந்தப் பெட்டிகளில் ஆண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். வீட்டுக் கணனிக்கு இது வந்தது 1980ஐ ஒட்டிய காலத்தில். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1982 முதல் வெளியிட்டு வருகிறது. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் காட்டுகிறது. ஆனால் அதற்கு நல்ல விலையுள்ள கணனியும் வேகமான இணையமும் வேண்டும். மகன் வைத்திருப்பது பிளைட்கியர் என்னும் இலவச மென்பொருள். 1990களின் பிற்பகுதியிலிருந்து பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து அதை வளர்த்து வருகிறார்கள். காசு கொடுக்கத் தேவையில்லை. டேட்டாவுக்கு மட்டும்தான் செலவு.

“வந்து இருங்க பெரியம்மா. நீங்களே ஓட்டுங்க” என்றான்.

கட்டுநாயக்காவிலிருந்து கிளம்பினோம். செஸ்னா என்கிற நான்கு பேர் அமரும் சிறு விமானம். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் மேலே போகும் என்று எவரும் நினைப்போம். அளவோடு இழுத்தால்தான் அது சரி. மூக்கை மிஞ்சி உயர்த்தினால் வேகம் குறையும், செட்டை காற்றைப் பிடிக்காது, விமானம் விழத் தொடங்கும். அப்போது மூக்கைக் கீழே சாய்க்க வேண்டும். விழுகிற நேரத்தில் கீழ்நோக்கித் தள்ளுவதற்கு மனம் வராது. மூன்று தரம் கடலில் விழுந்தேன். விழுந்தால் ஒரு பொத்தானை அமுக்கித் திரும்பவும் ஓடுபாதையில் நிற்கலாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! நாலாம் தரம் நீர்கொழும்பு, சிலாபம் என்று கரையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து கண்டக்குழிக்கு மேலே வந்துவிட்டேன். தங்கச்சி வாசலில் நின்று கைதட்டினாள்.

1936இல் லாகூரில் சர்லா தக்ரால் என்ற இருபத்தொரு வயதுப் பெண் சேலை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டினார். அப்போது அவருக்கு நாலு வயதில் ஒரு மகள் இருந்தாள். அதை நான் சொன்னபோது தங்கச்சி தன் வீட்டுச் சட்டையைப் பார்த்தாள். “அப்ப எனக்கு இது காணும்” என்று அடுத்ததாக அவள் அமர்ந்தாள்.

ஆனால் அன்று நாங்கள் பார்த்த கண்டக்குழி உண்மையான கண்டக்குழி அல்ல. கரையின் வளைவும் களப்பும் சரியாக இருந்தன. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் மண்ணிறமுமாகத் திட்டுகள், அங்கங்கே எங்கேயோ வெளிநாட்டில் இருப்பது போல வீடுகள். வாடி இல்லை, கோவில் இல்லை, காற்றாடி இல்லை. காட்சிகள் எப்படி உருவாகின்றன என்று மகன் விளக்கினான். நிலத்தின் மேடு பள்ளத்தில் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று பதினொரு நாள் பூமியைச் சுற்றி ராடார் மூலம் அளந்தது. அதில் போன ஆறு பேரில் இருவர் பெண்கள், ஜெனட் கவண்டியும் ஜனிஸ் வொஸ்ஸும். ஆனையிறவு முகாம் வீழ்வதற்கு இரண்டு மாதம் முன்னரான காலம் அது. நாங்கள் பதுங்குகுழியின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தபோது எங்கள் நிலத்தின் உயரத்தை மேலே இரண்டு பெண்கள் இருந்த ஓடம் அளந்துகொண்டு போயிருக்கிறது!

அந்த மேடு பள்ளத்தின் மேல், இது காடு, இது வயல், இது ஊர் என்று கணனி வகை பிரித்து ஒரு பொதுவான படத்தைப் போர்த்துகிறது. றோட்டும் கட்டடமும் ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்கிற உலக வரைபடத்திலிருந்து வருகின்றன. அந்த வரைபடத்தை யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம். பிழையும் வரும். மெல்பேர்ண் நகரில் ஒருவர் ஒரு கட்டடத்துக்கு 2 மாடி என்பதற்கு 212 என்று தட்டிவிட்டார். 2020இல் வந்த மைக்ரோசொப்ட் பதிப்பில் அந்த வீட்டுத் தெருவில் வானைத் தொடும் கோபுரம் ஒன்று நின்றது. உலகமெங்குமிருந்து ஆட்கள் அதைச் சுற்றிப் பறந்து பார்த்தார்கள்.

நியூயோர்க்கையும் இலண்டனையும் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கண்டக்குழியை வரைய யார் இருக்கிறார்கள்? மகன்தான் இருக்கிறான். செய்மதிப் படத்தை நிலத்தின் மேல் ஒட்டுகிற மேலதிக இணைப்பு ஒன்றை இறக்கினான். அது வந்ததும் தென்னந்தோட்டமும் மணலும் வெங்காயப் பாத்தியும் அப்படியே தெரிந்தன. அதற்கு மேல் தன் கையால் கட்டடங்கள் செய்கிறான். முதலில் நுரைச்சோலைப் புகைபோக்கி. அது இலேசு, ஒரு குழாய்தானே என்றான். பிறகு தலவிலக் கோவில். அதற்கு இரண்டு மாதம் எடுத்ததாம். கட்டிய பொருட்களைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்குப் பிளைட்கியரில் ஒரு பறக்கும் தட்டு இருக்கிறது. அது நின்ற இடத்திலேயே நிற்கும். அதில் ஏறித்தான் அவன் ஊரைக் கட்டுகிறான். தங்கச்சிக்கு விமானத்தை விட அந்தத் தட்டைத்தான் பிடித்திருக்கிறது. விழாது அல்லவா!

மறுநாள் பக்கத்து வீட்டு ராத்தா வந்தா. எருக்கலம்பிட்டிக்காரி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவ. கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. அந்தக் கடற்பயணத்தைப் பற்றி ராத்தா அதிகம் பேசுவதில்லை.

“மகன், எங்கட ஊர்ப் பக்கமும் போகுமா இது?” என்று கேட்டா.

வடக்கே திரும்பினோம். இடப்பக்கம் திறந்த கடல், வலப்பக்கம் வில்பத்துக் காடு. அரை மணித்தியாலம் ஆகுமுன் மன்னார்த் தீவு வந்தது. 2020இல் கட்டி முடிந்த முப்பது காற்றாடிகளை இன்னும் யாரும் அந்தக் காட்சியில் வைக்கவில்லை. ராத்தா திரைக்குக் கிட்டப் போய், “இது பள்ளி. இதால போனா எங்கட வளவு” என்று விரலால் கோடு இழுத்தா. வள்ளத்தில் ஓர் இரவு முழுக்க வந்த தூரம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று ஒரு தரம் சொன்னா. பிறகு “இன்னும் கொஞ்சம் பதிச்சு ஓட்டுங்க மகன்” என்றா. ஐந்து தரம் சுற்றினோம்.

அங்கிருந்து இரணைதீவு. 1992இல் வெளியேறிய மக்கள் 2018 சித்திரையில் அனுமதிக்குக் காத்திராமல் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு போய் இறங்கிய தீவு. அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்கள் பெண்கள். மேலிருந்து பார்க்க இரண்டு பச்சைத் துண்டு, சுற்றிவர வெளிர்நீலம். இவ்வளவு அழகான இடமென்று அங்கே பிறந்தவர்களுக்கும் தெரிந்திருக்குமோ!

பூநகரி தாண்டி யாழ்ப்பாணக் களப்புக்கு மேல் வந்தபோது நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மூவாயிரம் அடியில் நவாலி. 1995 யூலை 9ஆம் திகதி குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த புனித பேதுருவானவர் கோவில் எது என்று தேடினேன். செய்மதிப் படத்தில் அது ஒரு கூரை. பக்கத்தில் இருப்பவையும் கூரைகள். ஆட்களைக் காணவே முடியாது. மேலே இருந்தவர்களுக்கு நாங்கள் இப்படித்தான் தெரிந்திருக்கிறோம். இத்தனை வருடமும் அந்தச் சத்தத்தைக் கீழிருந்து மட்டும் அறிந்தவள் நான். மேலேயிருந்து பார்க்கும்போது அது மன்னிக்கத்தக்கதாக மாறவில்லை. கைப்பிடி என் கையில் இருந்ததால் விலக முடிந்தது, அவ்வளவுதான். மகன் எதுவும் கேட்காமல் திசையைச் சொன்னான்.

பலாலி ஓடுபாதை நேரே தெரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் போட்டது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு அடுத்த மாதம் சென்னையிலிருந்து விமானம் வந்தது. இறங்கும்போது வேகத்தை மணிக்கு 120 கிலோமீற்றர் அளவுக்குக் குறைக்க வேண்டும். நான் இறங்கவில்லை. ஓடுபாதைக்கு மேலால் கடற்கரைக்குப் போனேன். மயிலிட்டித் துறைமுகத்தை 2017 யூலையில் விடுவித்தார்கள். போய்ப் பார்த்துத்தான் இருக்கிறேன். ஆனால் கால்நடையாகப் பார்க்கும்போது பற்றையும் இடிபாடும் கண்ணை மறைக்கும், எங்கள் ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று மட்டுக்கட்ட முடியாது. மேலேயிருந்து பார்த்தபோது ஒழுங்கையின் கோடு தெரிந்தது. கோட்டின் முடிவில் கிணற்றின் வட்டம். படம் எடுத்து எத்தனை வருடமோ, வீடு இருந்த இடத்தில் பற்றைதான்.

“பெரியம்மா, வீட்டை நான் கட்டித் தாறன். எப்பிடி இருந்தது எண்டு சொல்லுங்க” என்றான் மகன்.

அன்றிரவு தங்கச்சியும் நானும் கொப்பி ஒன்றை விரித்துக்கொண்டிருந்தோம். முன் விறாந்தையில் நாலு தூண் என்றேன். மூன்று என்றாள் அவள். வெளியேறும்போது அவளுக்கு ஒன்பது வயது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா நெல் காயப்போடும் சீமெந்துத் திண்ணை கிணற்றுக்குத் தெற்கே என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். ராத்தா தன் வீட்டுக்கு வேறொரு பக்கம் கேட்டா. வாசல் கிழக்கு, பின்னால் முருங்கை, பாய் இழைக்கிற ஓலைக் கொட்டில் வேலியோடு. கொட்டிலுக்கு எத்தனை முழம் என்று மகன் கேட்க, எழும்பி நின்று விறாந்தையைக் காலால் அளந்து காட்டினா.