வெற்றிடக் குழலும் ஒரு சிறிய மின்தேக்கியும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் பதிவில் பழைய ஆம்பிளிஃபையருக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். பொறுமையோடு இறுதிவரை படியுங்கள்.

பினாங்குத் தமிழர்க்கும் வால்வு என்று நாம் அழைக்கும் வெற்றிடக் குழலுக்கும் நெடுங்கால உறவு உண்டு. 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பினாங்கு வானொலிச் சங்கம் பேராக் சாலையிலிருந்து, இசட்.எச்.ஜே. என்னும் அழைப்புக் குறியுடன், சிற்றலையில் ஒலிபரப்பத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. டிரான்சிஸ்டர் பிறந்தது 1947-இல்தான். ஆகவே அன்று வான்வழி சென்ற தமிழ்ச்சொல் ஒவ்வொன்றும் வால்வுகளின் வழியாகவே சென்றது.

என் தந்தையார் விட்டுச்சென்ற ஆம்பிளிஃபையரும் அவ்வகையைச் சார்ந்ததே. அம்மா மாலைதோறும் அப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்பது அதில்தான். அதனால் அது எங்களுக்குப் பொழுதுபோக்குப் பொருள் மட்டுமன்று.

குழலின் பெயரில் ஓர் இலக்கணம்

இதில் இ.சி.சி.83, இ.எல்.34 என்னும் குழல்கள் உள்ளன. பகுபதத்தைப் பிரிப்பதுபோல இப்பெயர்களையும் பிரிக்கலாம். ‘இ’ என்றால் இழையைச் சூடாக்க 6.3 வோல்ட் வேண்டும். ‘சி’ என்பது மும்முனைக் குழல். இருமுறை வந்தால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனைக் குழல்கள். ‘எல்’ என்பது ஒலிப்பெட்டியை இயக்கும் ஆற்றல்மிக்க ஐம்முனைக் குழல். எண்ணின் முதல் இலக்கம் 8 எனில் ஒன்பது ஊசி கொண்ட சிறிய அடி. 3 எனில் எட்டு ஊசி அடி. என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டனர்.

உறுமலும் செந்தழலும்

சென்ற ஆண்டு இடப்பக்க ஒலியில் உறுமல் எழுந்தது. ஓர் இ.எல்.34 குழலின் உள்தகடு செந்நிறமாய் ஒளிர்ந்தது. குழல்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய மல்லார்டு குழல்களைப் பொருத்துமாறு ஒரு வணிகர் வற்புறுத்தினார். விலையோ என் மாதச் சம்பளத்தில் பாதி.

ஜெலுத்தோங்கில் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் கருவியைக் கொண்டு சென்றேன். “சிக்கு, குழலை மாற்றுவது பிறகு. அதை எரிப்பது எதுவென்று முதலில் பார்ப்போம்,” என்று மலாய் மொழியில் கூறினார். அவர் செய்தவை இவை:

1. மின்னழுத்தத்தை அளந்தார். நம் நாட்டில் முன்பு 240 வோல்ட். 2008 முதல் 230 என வரையறுக்கப்பட்டாலும் பத்து விழுக்காடு வரை கூடுதலாக இருக்க இடமுண்டு. அளவி 240 காட்டியது. கருவியின் மின்மாற்றியோ 220-க்குரிய முனையில் இணைக்கப்பட்டிருந்தது. 6.3 வோல்ட் வேண்டிய இழைக்கு ஏறத்தாழ 6.9 சென்றது. 240-க்குரிய முனைக்கு மாற்றினார். செலவு ஏதுமில்லை.

2. இணைப்பு மின்தேக்கிகளை மாற்றினார். இசையைக் கடத்தி, நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதே இவற்றின் பணி. பழைய காகித மின்தேக்கியில் கசிவு ஏற்பட்டால் அடுத்த குழல் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை ஈர்த்துச் சிவக்கும். இறுதியில் வெளியீட்டு மின்மாற்றியும் கருகும். அது கருகியிருந்தால் அப்பாவின் கருவி மீண்டிருப்பது அரிது. 630 வோல்ட் தாங்கும் பாலிபுரோப்பிலீன் மின்தேக்கிகள் அவ்விடத்தில் அமர்ந்தன.

3. உலர்ந்துபோன வடிகட்டும் மின்தேக்கிகளை மாற்றினார். உறுமல் நின்றது. பெரிதாகப் போட்டால் இன்னும் நன்று அல்லவா என்றேன். ஜி.இசட்.34 திருத்திக் குழலை அடுத்துள்ள முதல் மின்தேக்கி 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டலாகாது என்றார்.

4. கடற்காற்றில் களிம்பேறிய குழல்தாங்கிகளைத் துடைத்தார்.

சிவந்த குழலுக்கும் அதன் இணைக்கும் மட்டும் பொருத்தமான புதிய சோடி வாங்கி, பயஸ் மின்னோட்டத்தைச் சரிசெய்தார். அன்று மாலையே அம்மா இசை கேட்டார்.

மல்லார்டு வேண்டுமா?

இன்று மல்லார்டு என்ற பெயரோடு வரும் புதிய குழல்கள் ரஷ்யாவின் சராத்தோவ் நகரில் செய்யப்படுபவை. பெயர் ஒன்று, ஆலை வேறு. நண்பரிடம் பழைய மல்லார்டு இ.சி.சி.83 ஒன்றை இரவல் பெற்று, புதிய சுலோவாக்கியக் குழலோடு ஒப்பிட்டேன். எது எது எனக் கூறாமல் மகளைக் கேட்கச் செய்தேன். ஆறு முறையில் மூன்று முறை சரியாகச் சொன்னாள். காசைச் சுண்டியிருந்தாலும் அதே மதிப்பெண் கிடைத்திருக்கலாம். ஆறு முறை கேட்டது முடிந்த முடிபன்று. எனினும் பாதிச் சம்பளத்தைக் காத்தது.

வகுப்பறைக்கு வருவோம்

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாசிப்பில் பின்தங்கினான். பெற்றோர் புதிய பயிற்சி நூல்கள் வாங்கினர், இரண்டு டியூஷன் வகுப்புகளில் சேர்த்தனர், பிறகு மூன்றாவது. கண் பரிசோதனையில்தான் தெரிந்தது, கரும்பலகை அவனுக்கு மங்கலாகத் தெரிகிறதென்று. மூக்குக்கண்ணாடி வந்தபின் அவனே முன்வந்து வாசிக்கின்றான். ஒளிர்வது குழல், கசிவதோ கண்ணுக்குத் தெரியாத மின்தேக்கி. விலை உயர்ந்ததை மாற்றுமுன் அளந்து பார்ப்பது நம் கடமை.

ஓர் எச்சரிக்கை: இத்தகைய கருவிக்குள் 400 வோல்ட்டோ அதற்கு மேலோ நேர்மின்னழுத்தம் இருக்கக்கூடும், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்க வல்லது. பிள்ளைகளோடு கண்டு மகிழுங்கள். மூடியைத் திறக்கும் பணியைத் தொழிலறிந்தவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் இல்லத்திலும் பழைய வால்வுக் கருவி இருப்பின், உடனே மின்னிணைப்புக் கொடுக்காமல் முதலில் அவரிடம் காட்டுங்கள்.