காத்மண்டுவில் நிலம் அசைந்தால்

பசுபதிநாதர் தரிசனத்திற்காக நேபாளஞ் செல்லும் அன்பர்கள் கம்பளியையும் மருந்தையும் மறவாது எடுத்துச் செல்வர். அந்நாட்டு நிலம் அசையும் இயல்புடையது என்பதைப் பலர் கருதுவதில்லை.

காத்மண்டுப் பள்ளத்தாக்கு முன்னொரு காலத்தில் ஏரியாயிருந்தது. மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் சோபார்க் குன்றை வாளாற் பிளந்து நீரை வடியச் செய்தார் என்பது அந்நாட்டார் வழங்கும் கதை. நிலநூலாரும் ஏரி இருந்ததை ஒப்புவர். அவ்வேரியின் களிமண்மீதே நகரம் அமைந்துள்ளது. பாறையைக் காட்டிலும் களி நெடுநேரம் ஊசலாடும். 2015 ஏப்பிரல் 25ஆந் திகதி 7.8 அளவுடைய பூமியதிர்ச்சி நேர்ந்தபோது, உயர்ந்து நின்ற தரகராக் கோபுரம் இடிந்து வீழ்ந்தது. நாடெங்கும் ஏறக்குறைய 9,000 மக்கள் மாண்டனர். அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான பாடசாலைகள் இடிந்தன. வகுப்பறைகளிற் பிள்ளைகள் இல்லை. வேறு கிழமையாயின் என்னவாகியிருக்கும் என எண்ணவும் ஆசிரியராகிய எமக்கு நெஞ்சு நடுங்குகின்றது.

பழைய நகரின் அசன் கடைத்தெருவில் நடந்தபோது அண்ணாந்து பார்த்தோம். இருபுறமும் செங்கற் சுவர்கள். மேலே பூச்சாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும். நிலம் அசைந்ததும் வெளியே ஓடவே கால் துடிக்கும். ஆனால் கல் முதலில் விழுவது சுவரோரத்து ஒழுங்கையிலேதான். ஆதலால் விடுதிக்குள் இருப்பவர் உறுதியான மேசையின்கீழ்ப் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொண்டு, ஆட்டம் அடங்கும்வரை இருத்தல் வேண்டும். படுக்கையிற் கிடப்பவர் தலையணையால் தலையை மூடிக்கொண்டு அங்கேயே கிடக்கலாம். படிக்கட்டும் லிப்டும் அப்போது ஆகா. மண்சுவர் வீட்டின் வாசலருகே இருப்பவர் மாத்திரம், எதிரே வெட்டவெளியாயின் வெளியேறுதல் நன்று. தெருவில் நிற்பவர் சுவரையும் மின்கம்பியையும் விட்டு விலகவேண்டும். நகர நடுவிலுள்ள துண்டிக்கேல் மைதானத்திலேதான் 2015இல் மக்கள் கூடாரமிட்டுத் தங்கினர்.

மலைப்பாதையிற் பிரயாணஞ் செய்வோருக்கு ஆபத்து மேலிருந்து வரும். லாங்டாங் கிராமத்தைப் புதைத்தது மலையிலிருந்து சரிந்த பனியும் பாறையுமே. ஆட்டம் நின்றதும் செங்குத்துச் சரிவை விட்டு அகலவேண்டும். கடவுச்சீட்டை எடுக்க மீண்டும் அறைக்குட் போகலாகாது. முதல் அதிர்ச்சிக்குப் பதினேழு நாட்களின் பின், மே 12ஆந் திகதி, 7.3 அளவில் மற்றொன்று வந்தது.

சப்பாத்து, டோர்ச் விளக்கு, கடவுச்சீட்டு மூன்றையும் கட்டிலருகே வைத்தே அங்கு உறங்கினோம். விடுதி அறையில் மேசை ஒன்றுதான். எமது இளைய மகள் அதன்கீழ் நுழைந்து பார்த்துவிட்டு, “எனக்கும் அம்மாவுக்கும் காணும். அப்பா, நீங்கள் தலையணையோடு கட்டிலிலேயே கிடவுங்கோ” என்றாள்.