சரிவில் இறங்கும் விறகு

திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காடு, காட்டாக்கடைப் பகுதிகளின் வீட்டுத்தோட்டங்கள் பல மேட்டுச் சரிவுகளில் அமைந்தவை. பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டியபின் மிஞ்சும் கிளைகளும் காய்ந்த தென்னை மட்டைகளும் அங்கே நெடுங்காலம் பெண்களின் தலைச்சுமையாகவே வீடு சேர்ந்தன. அச்சுமையை வாங்கிக்கொள்ள வந்தது பவர் டில்லர். 1973-இல் தொடங்கப்பட்ட கேரள அரசு நிறுவனமான காம்கோ, ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தோடு உருவாக்கிய 12 குதிரைத்திறன் எந்திரம் வயலை உழுவதற்கானது. டிரெய்லர் பூட்டினால் அதுவே விறகு வண்டி.

சமதளத்தில் இடக்கைக் கிளச்சைப் பிடித்தால் இடச்சக்கரம் விசை இழக்கும். வண்டி இடப்புறம் திரும்பும். இறக்கத்திலோ பின்னிருந்து சுமை தள்ளும். எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்ட அதே சக்கரம் விரைந்து உருள, வண்டி வலப்புறம் திரும்பும். பழகிய கையே பகையாகும் தருணம் அது. உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்த டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையெனில், ஏற்றிய விறகு முழுவதும் ஓட்டுபவரை முந்தப் பார்க்கும்.

எத்தனை கட்டு ஏற்றலாம் என்பதற்கு முன், இறக்கத்தில் எப்படி நிற்கும் என்றே கேட்க வேண்டும். பெண்களின் கழுத்திலிருந்து இறங்கிய பாரம், கூலிக்கு ஓட்டுபவரின் உயிர்மேல் ஏறலாகாது.