தட்டில் பூத்த மாலை

நாஞ்சில் நாட்டுத் தோவாளை, பூக்களால் பெயர்பெற்ற ஊர். அங்குக் கட்டப்படும் மாணிக்கமாலைக்கு 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளரளியையும் செவ்வரளியையும் நொச்சியிலையையும் பாய் முடைவதுபோல் மடித்துக் கட்டும் மாலை அது.

அவ்வூரில் பூக்கட்டும் தாய் ஒருத்தியின் இளைய மகனுக்கு ஆறாம் பிறந்தநாள். அவன் விரும்பிக் கேட்டது கேக். கடையில் அதன் விலை தாயின் கூலிக்கு எட்டாது என்பதைப் பன்னிரண்டு வயது அக்காள் அறிவாள். பச்சரிசி மாவைத் தேங்காய்ப்பாலிலும் கருப்பட்டிப் பாகிலும் கரைத்து, வட்டத் தட்டில் ஊற்றி ஆவியில் அவித்தாள். பாட்டி செய்யும் கிண்ணத்தப்பம்தான் அது. அன்று மட்டும் அதற்குக் கேக் என்று பெயர்.

அலங்கரிப்பதற்காகக் கூடையிலிருந்து செவ்வரளியை எடுத்தாள். தாய் பதறிக் கையைப் பற்றினாள்.

"வேண்டாம் மக்களே! அரளி நஞ்சாக்கும். பூவு, இலை, விதை எல்லாமே நஞ்சு. சாமிக்குச் சாத்தலாம், வாயில வைக்கப்படாது."

சிறுமி திகைத்து நின்றாள். நாள்தோறும் மடியில் கிடந்த பூ அது. கைகளை நன்றாகக் கழுவினாள். வெள்ளரளிக்கு மாற்றாகத் தேங்காய்த் துருவல், செவ்வரளிக்கு மாதுளை முத்துகள், நொச்சிக்குத் துளசி எனக் கட்டம் கட்டமாக அடுக்கினாள். தாயின் விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற கணக்கு அது.

தம்பி தட்டை நெடுநேரம் நோக்கினான்.

"அம்மை கட்டுன மாலையா அக்கா?"

"ஆமா. ஆனா, இதத் திங்கலாம்" என்றாள் அவள்.