செட்டிப்புடவுக்கு வழி

மலையேறப் போகலாமா என்று மதுரைக்காரரிடம் கேட்டால், கொடைக்கானலுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை என்று ஊரைச் சுற்றி மலைகள் கிடப்பது அவருக்குத் தெரியாததல்ல. தினமும் பஸ் ஜன்னலில் பார்த்துப் பார்த்து அவை பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிட்டன.

கீழக்குயில்குடி சமணர்மலை நகரிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போய்த் திரும்பினால் அடிவாரம் வந்துவிடும். பெரிய ஆலமரம், தாமரைக்குளம், அய்யனார் கோயில். அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியைத் தின்றுவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. அதையும் குறை சொல்ல முடியாது. அந்த ஆலமரத்து நிழல் அப்படி.

மேலே ஏறுகிறவருக்குப் பாறையில் வெட்டிய படிகள் இருக்கின்றன. மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதையொட்டிய பாறையில் வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். படமெடுத்த நாகத்தின் கீழ் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, மகாவீரர். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலும் மழையும் பட்டும் முகங்கள் இன்னும் தெளிவாகவே இருக்கின்றன. அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். அவற்றில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார். அச்சணந்தி என்ற துறவியின் பெயர் தமிழ்நாட்டின் பல சமணக் குன்றுகளில் கிடைக்கிறது. அவரைப் பெற்றவளைப் பார்க்க இந்தப் படிகளில்தான் ஏறவேண்டும்.

செட்டிப்புடவு அதே மலையின் இன்னொரு பக்கம், தனி வழி. புடவு என்றால் குகை. வாசலில் பெரிய திருமேனியாக மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதும் நிறைந்த உடம்பும் பார்த்த ஊர்க்காரர்கள் இவர் யாரோ செட்டியார் என்று முடிவு செய்ய, குகைக்கும் அதுவே பெயராகிவிட்டது. உள்ளே குனிந்து நிமிர்ந்தால், சிங்கத்தின் மேலேறி, யானைமேல் வரும் எதிரியோடு வில்லேந்திப் போரிடும் ஒரு பெண் தெய்வம். அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை வேகம். தலையை இடித்துக்கொள்ளாமல் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காதலர் பெயர்களைச் சாவியால் கீறிவைப்பதும் பாட்டிலை உடைத்துப்போடுவதும் இந்தக் குன்றுகளுக்கு வந்த வியாதி. அதைவிடப் பெரிய வியாதி வெடிமருந்தும் கல் அறுக்கும் இயந்திரமும். மேலூர்ப் பக்கம் பாதி அறுபட்டு நிற்கும் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்து, ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சூட்டில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் ‘பசுமை நடை’ தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் குழந்தை குட்டிகளோடு ஒரு குன்றுக்குப் போய், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு கதை கேட்டுத் திரும்புவது. கூட்டமாகப் போனால் பறவை பறந்துவிடும் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பறக்கட்டும், மலை இருந்தால் திரும்பி வரும்.

பறவைக்கென்றே போகிறவர்கள் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிக்குப் போகிறார்கள். ஏழு குன்றுகள், ஏரிகள், சுனைகள், முற்காலப் பாண்டியர் குடைவரை, தமிழி கல்வெட்டு. லகர் வல்லூறு இங்கே உண்டு, தேவாங்கும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அந்த வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. 2025 ஜனவரியில் ஊர்மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குத் திரண்டு நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சமணர்மலைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்கெல்லாம் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது. தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், காலி பாட்டிலைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். செட்டிப்புடவுக்கு வழி தெரியாவிட்டால் போனைத் துழாவ வேண்டாம். ஆலமரத்தடியில் இருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.